லீவன்ஹூக்கின் நுண்ணோக்கியை என் மேசையில் செய்து பார்த்தது

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களின் நுண்ணோக்கிகளைக் கழற்றித் துடைத்து, பூஞ்சை படர்ந்த வில்லைகளைச் சுத்தம் செய்து, தேய்ந்த பற்சக்கரங்களை மாற்றித் தருவது என் தொழில். ஒரு நல்ல பொருளருகு வில்லையைப் பிரித்தால் உள்ளே நான்கு, ஐந்து, சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள் ஒன்றையொன்று திருத்தும்படி அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றில் ஒன்று இம்மி விலகினாலும் பிம்பம் கலங்கிவிடும் என்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். அதனால்தான், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஒருவர் ஒரே ஒரு வில்லையை வைத்துக்கொண்டு 1676-இல் பாக்டீரியாவைக் கண்டார் என்ற செய்தி எனக்கு நெடுங்காலமாக உறுத்திக்கொண்டே இருந்தது. படித்தால் நம்ப முடிந்தது. கையால் செய்து பார்க்காமல் விளங்கவில்லை. சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் வேலை குறைந்திருந்த நாட்களில் அதைச் செய்யத் தொடங்கினேன். ஏறக்குறைய ஏழு வாரங்கள் ஆயின.

ஆண்டனி வான் லீவன்ஹூக் 1632-இல் டெல்ஃப்டில் பிறந்தார். 1723-இல் தம் தொண்ணூறாவது வயதில் அதே ஊரில் மறைந்தார். துணிக்கடை நடத்தியவர், நகர நிர்வாகத்தில் பணி செய்தவர், நில அளவையாளராகவும், மது பீப்பாய்களை அளந்து வரி கணக்கிடுபவராகவும் இருந்தவர். டச்சு மொழி தவிர வேறு மொழி அவருக்குத் தெரியாது. 1673-இல் ரெய்னியர் டி கிராஃப் என்ற மருத்துவர் அவரை லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு அறிமுகப்படுத்தினார். அதிலிருந்து சாகும்வரை ஐம்பது ஆண்டுகள் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் செய்த கருவி உள்ளங்கையில் அடங்கும். சற்றொப்ப நான்கரை சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரு சிறு வில்லை. அதன் முன்னால் ஒரு ஊசிமுனை. அந்த முனையில் பார்க்க வேண்டிய பொருளை ஒட்டி, இரண்டு மூன்று திருகாணிகளைத் திருப்பி மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ள வேண்டும். தகட்டைக் கண்ணிமை தொடும் அளவுக்கு அருகில் பிடித்து வானத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். குழாய் கிடையாது, மேடை கிடையாது, கண்ணாடி எதிரொளிப்பானும் கிடையாது.

இப்படிப்பட்ட கருவிகளை அவர் நூற்றுக்கணக்கில் செய்தார். மகள் மரியா 1745-இல் இறந்த பிறகு, 1747-இல் அவை ஏலத்தில் போயின. ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிவைத்த 26 வெள்ளி நுண்ணோக்கிகளும் பிற்காலத்தில் காணாமல் போயின. இன்று எஞ்சியிருப்பவை பத்துப் பன்னிரண்டுக்குள்தான். அவற்றில் மிகுந்த திறன் கொண்டது உத்ரெக்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது சுமார் 266 மடங்கு பெருக்குகிறது என்றும், 1.35 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டுகிறது என்றும் அளந்திருக்கிறார்கள். நான் இலக்காக வைத்துக்கொண்டது அந்த ஒரு கருவியைத்தான்.

வில்லையை அவர் எப்படிச் செய்தார் என்பதை எழுதி வைக்கவில்லை. தேய்த்தாரா, உருக்கினாரா என்ற கேள்வி முந்நூறு ஆண்டுகளாக நீடித்தது. கருவியைப் பிரித்துப் பார்க்கலாம் என்றால், தகடுகளைப் பிணைக்கும் தறையாணிகளை உடைக்க வேண்டும். எஞ்சியிருக்கும் சிலவற்றை அப்படி யாரும் தொடத் துணியவில்லை. 2021-இல் லைடன் நகரத்து போயர்ஹாவே அருங்காட்சியகத்தினரும் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, நியூட்ரான் கற்றையைச் செலுத்தி, தகடு மூடியபடியே உள்ளே இருக்கும் கண்ணாடியின் முழு வடிவத்தைப் படம் எடுத்தார்கள். நியூட்ரான்கள் உலோகத்தை எளிதாகக் கடந்துபோவதால் இது இயன்றது. நடுத்தரத் திறன் கொண்ட ஒரு கருவியில் இருந்தது தேய்த்து மெருகேற்றிய வில்லை. உத்ரெக்ட் கருவியில் இருந்ததோ உருக்கி எடுத்த கண்ணாடி மணி. அதில் ஒரு சிறு காம்பும் ஒட்டியிருந்தது.

காம்பு என்ற ஒரு சொல்லே எனக்கு வழி காட்டியது. ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட மைக்ரோகிராஃபியா நூலின் முன்னுரையில் இந்த முறையை விளக்கியிருக்கிறார். தெளிவான வெனிஸ் கண்ணாடியை விளக்குச் சுடரில் இளக்கி நூலாக இழுக்க வேண்டும். அந்த நூலின் நுனியை மறுபடி சுடரில் காட்டினால் அது தானே சுருண்டு உருண்டையாகும். காம்பு இருந்த பக்கத்தைச் சாணைக்கல்லில் தேய்த்து மெருகேற்றி, ஊசியால் துளைத்த மெல்லிய தகட்டில் மெழுகு வைத்துப் பொருத்த வேண்டும். லீவன்ஹூக்கின் முதல் கடிதம் லண்டனுக்குப் போவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்த செய்முறை இது. ஆம்ஸ்டர்டாமில் யோஹான்னஸ் ஹுட்டேயும் இத்தகைய மணிகளைச் செய்துவந்தார்.

முதல் தடை கண்ணாடியிலேயே வந்தது. என்னிடம் நிறைய இருந்தது வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் தண்டு. அது ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக்கூட மறுத்தது. சாதாரண சோடாக் கண்ணாடியால் ஆன, உடைந்துபோன கலக்கும் தண்டுகளை ஒரு ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கினேன். அது விளக்கில் இளகியது. ஆனால் நூலாக இழுத்தபின் மணி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும்போது போதிய சூடு கிடைக்காமல் பேரிக்காய் வடிவத்தில் நின்றுவிட்டது. எங்கள் தெருமுனையில் நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தரிடம் போனேன். அவர் என் கையிலிருந்த நூலை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, மஞ்சள் சுடர்ல காட்டினா கரி ஏறும், நீலம் முடியற இடத்துல, நுனிக்குக் கொஞ்சம் கீழ காட்டுங்க, அங்கதான் சூடு" என்றார். வெள்ளிப் பொடியை உருக்கி மணி மணியாக எடுப்பது அவருக்கு அன்றாட வேலை. உருகிய பொருள் தன் பரப்பைச் சுருக்கிக்கொண்டு தானே உருண்டையாகும் என்பதை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்.

எவ்வளவு நூல் உருகினால் எவ்வளவு பெரிய மணி வரும் என்பதை முன்பே கணக்கிட்டுக்கொண்டது பெரிதும் உதவியது. 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள நூலில் 16 மில்லிமீட்டர் நீளம் உருகினால் 1.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணி கிடைக்கும். நூலில் மைப்புள்ளி வைத்து அடையாளம் இட முயன்றபோது மை எரிந்து கண்ணாடிக்குள் புகுந்துகொண்டது. பிறகு அடிக்கோலின் பக்கத்தில் நூலை வைத்து, கிள்ளுக்குறட்டால் பிடிக்கும் இடத்தையே அளவாகக் கொண்டேன். நூலைச் செங்குத்தாகக் கீழிருந்து மேலாகச் சுடருக்குள் செலுத்துவதும், மணி உருள உருள அதை விரல்களுக்கு நடுவே மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்பதும் வேண்டும். இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டிய மணிகள் தம் எடையாலேயே ஒரு பக்கம் தொங்கிக் கோணலாயின. ஒன்றரைக்குக் கீழே இருந்தவை, சரியாகச் சூடேறியிருந்தால், அநேகமாக எல்லாமே உருண்டையாக வந்தன. வட்டம் சரிதானா என்பதை மைக்ரோமீட்டரால் இரண்டு திசைகளில் அளந்து பார்த்தேன், 0.02 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டவற்றை ஒதுக்கினேன்.

குமிழ்கள்தான் நெடுநேரம் வாட்டின. முதல் நாள் செய்த பதினொரு மணிகளில் ஒன்பதில் குமிழ் இருந்தது. தண்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் தங்கியிருந்த அழுக்கும் காற்றும் இழுக்கும்போது உள்ளே மடிந்துவிடுகின்றன. தண்டைச் சோப்பு நீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, அதன் பிறகு விரல் படாமல் இழுத்ததும் குமிழ்கள் வெகுவாகக் குறைந்தன. மொத்தம் 43 மணிகள் செய்தேன். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தேறியவை ஏழு. (செய்ய நினைப்பவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி அணிவதையும், அறுந்த நூல்களை ஒரு தட்டுத் தண்ணீரில் போடுவதையும் கைவிட வேண்டாம், அந்தத் துண்டுகள் மீன்முள்ளைவிடக் கூர்மையாகத் தோலில் ஏறும்.)

ஏழில் 1.3 மில்லிமீட்டர் மணி ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு கண்ணாடி உருண்டையின் குவியத் தொலைவை அதன் விட்டத்திலிருந்தும் ஒளிவிலகல் எண்ணிலிருந்தும் எளிதாகக் கணக்கிடலாம். சோடாக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை 1.52 என்று கொண்டால், குவியத் தொலைவு விட்டத்தில் 0.73 பங்கு, அதாவது இந்த மணிக்கு 0.95 மில்லிமீட்டர். தெளிவான பார்வைக்குரிய தொலைவான 250 மில்லிமீட்டரை அதனால் வகுத்தால் பெருக்கம் 263 மடங்கு. உத்ரெக்ட் கருவிக்கு மிக அருகில் வந்துவிட்டேன் என்று அன்றிரவு மகிழ்ந்தேன். ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு எண்ணும் ஒளிந்திருக்கிறது. அதை நான் கவனிக்கவில்லை. 0.95 என்பது மணியின் மையத்திலிருந்து அளக்கும் தொலைவு. மையத்திலிருந்து மேற்பரப்பு வரை 0.65 கழிந்துவிடுகிறது. ஆகவே, பார்க்க வேண்டிய பொருள் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து 0.3 மில்லிமீட்டர் தொலைவில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று காகிதத் தாள்களின் தடிமன் அவ்வளவே.

நான் வெட்டி வைத்திருந்த பித்தளைத் தகட்டின் தடிமன் 0.5 மில்லிமீட்டர். அதில் துளையிட்டு, இரண்டு தகடுகளுக்கு நடுவே மணியை வைத்து, நான்கு மூலைகளிலும் தறையாணி அடித்து முடித்த பிறகு பார்த்தால், எதுவும் குவியவில்லை. ஊசிமுனை தகட்டைத் தொடும்வரை திருப்பியும் வெறும் மங்கல்தான். இரண்டு நாட்கள் மணியைக் குறை சொன்னேன். மூன்றாம் நாள் தாளில் படம் வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அரை மில்லிமீட்டர் துளைக்குள் மணி நுழைவது 0.05 மில்லிமீட்டர் மட்டுமே. அதற்கு முன்னால் 0.45 மில்லிமீட்டர் பித்தளை நிற்கிறது. பொருள் வர வேண்டிய இடமே உலோகத்துக்குள் இருக்கிறது. அந்தத் தகட்டை எறியாமல் வைத்திருக்கிறேன். லீவன்ஹூக்கின் கருவிகளின் படங்களில் வில்லை இருக்கும் இடத்தில் தகடு சற்றுப் புடைத்திருப்பதை நான் பல முறை பார்த்திருந்தேன். அது வில்லைக்கு இடம் விடுவதற்கு என்று மட்டுமே எண்ணியிருந்தேன். மெலிந்த புடைப்பில்தான் பொருளை இவ்வளவு அருகில் கொண்டுவர முடியும் என்பதைத் தோற்ற தகடு சொல்லிக்கொடுத்தது.

மறுபடி பத்தரின் பட்டறைக்குப் போய், அரைக்கோளக் குழிகள் உள்ள கட்டையில் தகட்டை வைத்து, உருண்டை முனையுள்ள உளியால் தட்டிப் புடைப்பை எடுத்தேன். பித்தளை தட்டத் தட்ட இறுகி வெடிக்கும் என்பதால் நடுவில் இரண்டு முறை சிவக்கக் காய்ச்சி ஆறவிட வேண்டியிருந்தது. பிறகு புடைப்பின் உச்சியை நுண்ணிய எமரித் தாளில் தேய்த்து 0.1 மில்லிமீட்டராக மெலிய வைத்தேன். இப்போது மணிக்கு முன்னால் 0.25 மில்லிமீட்டர் வெற்றிடம் கிடைத்தது.

துளை அடுத்த சிக்கல். அரை மில்லிமீட்டர் துளைப்பான் முனைகள் மூன்று ஒடிந்தன. கடைசியில் ஹூக் எழுதியபடியே தையல் ஊசியை எடுத்து, தகட்டை ஈயத் துண்டின் மேல் வைத்துக் குத்தி, பிதுங்கிய விளிம்பைத் தேய்த்து, மறுபடி குத்தித் தேய்த்தேன். துளை பெரிதானால் வெளிச்சம் கூடும், நுட்பமும் கூட வேண்டும். ஆனால் உருண்டையின் ஓரத்தின் வழியாக வரும் கதிர்கள் நடுவின் வழியாக வரும் கதிர்களோடு ஒரே இடத்தில் சேர்வதில்லை என்பதால் பிம்பத்தின் மேல் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். துளை சிறிதானால் புகை விலகும். ஆனால் ஒளியின் அலைத்தன்மையால் நுண்விவரங்கள் கரைந்துவிடும். 0.8, 0.6, 0.5, 0.35 என்று நான்கு துளைகளை ஒரே மணியில் மாற்றி மாற்றிப் பார்த்ததில், என் கண்ணுக்கு 0.5 தான் சரியாக இருந்தது. அந்தத் துளைக்குக் கணக்கிட்டால், கருவி பிரித்துக் காட்டக்கூடிய எல்லை சுமார் 1.3 மைக்ரான் என்று வருகிறது. உத்ரெக்ட் கருவியில் அளந்த எண்ணும் அதுதான் என்பதைக் கண்டபோது, கணிதம் எதுவும் இல்லாமல், பார்த்துப் பார்த்தே லீவன்ஹூக் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இந்த எல்லையை விளக்கிய ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபேயின் கோட்பாடு 1873-இல்தான் வந்தது.

காம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் முயற்சியில் காம்பை ஒடித்துவிட்டு, ஒடிந்த வடு கண் பக்கத்தில் இருக்கும்படி மணியை வைத்துவிட்டேன். பார்வையின் நடுவே ஒரு கரிய தழும்பும் அதைச் சுற்றி ஒளிச்சிதறலும் தெரிந்தன. ஹூக் இதற்காகத்தான் அந்தப் பக்கத்தைத் தேய்த்து மெருகேற்றச் சொல்கிறார். ஒரு மில்லிமீட்டர் மணியைத் தேய்த்து மெருகேற்றுவது, செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மணியைக் கெடுப்பதற்கே பெரும்பாலும் வழி. அரக்கில் பதித்துத் தேய்த்த மூன்று மணிகளும் வீணாயின. அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. காம்பை ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டு ஒடித்து, அது தகடுகளுக்கு நடுவே பக்கவாட்டில் படுத்திருக்கும்படி அரத்தால் ஒரு கீறல் இட்டு வைத்துவிட்டால், ஒளி போகும் வழியில் சுடர் மெருகேற்றிய மேற்பரப்பு மட்டுமே இருக்கும். நெருப்பு தரும் மெருகுக்கு இணையான மெருகை என் கையால் கொண்டுவர முடியவில்லை. காம்பு ஒரு பிடிமானமாகவும் உதவியது. மணி நழுவி உருளவில்லை.

திருகாணிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லீவன்ஹூக் மரைகளையும் கையாலேயே வெட்டினார். நான் கடையில் கிடைக்கும் 3 மில்லிமீட்டர் ஆணியை உயரத்துக்கும், 2 மில்லிமீட்டர் ஆணியைக் குவியத்துக்கும் பயன்படுத்தினேன். இந்த இரண்டாவது ஆணி ஒரு சுற்றுக்கு 0.4 மில்லிமீட்டர் நகரும். கூர்மையாகத் தெரியும் ஆழமோ சுமார் 8 மைக்ரான்தான். அதாவது ஒரு சுற்றில் ஐம்பதில் ஒரு பங்கு திருப்பினாலே பொருள் பார்வையிலிருந்து மறைந்துவிடும். மரையில் சிறிது ஆட்டம் இருந்ததால் தேன்மெழுகைத் தடவி இறுக்கினேன். அதன்பின் விரலுக்கு அடங்கியது.

முதலில் பார்க்க எடுத்துக்கொண்டது நெட்டி. பிரையன் ஃபோர்டு என்பவர் 1981-இல் ராயல் சொசைட்டியின் ஆவணங்களுக்கு நடுவே லீவன்ஹூக் கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருந்த மாதிரிகளைச் சிறு காகிதப் பொட்டலங்களில் அப்படியே கண்டெடுத்தார். அவற்றில் தக்கையின் சீவல்களும், எல்டர் என்ற செடியின் தண்டுச் சோற்றின் சீவல்களும் இருந்தன. சவரக் கத்தியால் லீவன்ஹூக் சீவிய மென்மை இன்றும் வியப்பூட்டுகிறது. எல்டருக்கு நான் எங்கே போவது? தஞ்சாவூரில் கோயில் உருவங்கள் செய்யும் நெட்டியில் ஒரு துண்டு வீட்டில் இருந்தது. புதிய பிளேடால் சீவச் சீவ, பன்னிரண்டாவது சீவல்தான் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்தது. அதை ஊசிமுனையில் துளி அரக்கால் ஒட்டி, சன்னல் வழியே மேகம் மூடிய வானத்தை நோக்கிப் பிடித்தேன். சாம்பல் நிறம் மட்டும் தெரிந்தது. ஆணியை முடியளவு திருப்பிக்கொண்டே போனேன். திடீரென்று அறுகோணம் அறுகோணமாகச் சுவர்கள் எழுந்து நின்றன, தேன்கூட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்ததுபோல. என் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணுக்குக் குவியம் வேறாக இருந்ததால் மறுபடி திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

மழை மேகம் மூடிய வானம் இந்த வேலைக்கு மிக நல்ல வெளிச்சம் என்பதை அன்று அறிந்தேன். எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒளிரும் வெண்மை. நேரடிச் சூரியனை நோக்கி இக்கருவியை ஒருபோதும் பிடிக்கக் கூடாது, கண் போய்விடும்.

கருவியின் உண்மையான எல்லையைச் சோதிக்க ஒரு பழைய சிடியை எடுத்தேன். அதன் மேல் பூசியிருக்கும் அலுமினியப் படலத்தை ஒட்டுநாடாவால் உரித்துவிட்டால், உள்ளே இருக்கும் சுருள் தடங்கள் வெளித்தெரியும்; ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். சிறு துண்டாக வெட்டி ஊசியில் ஒட்டி வானத்துக்கு நேராகப் பார்த்தேன்; வெறும் தட்டையான பரப்பு. அரை மணி நேரம் போராடியபின், கை சோர்ந்து கருவியை இறக்கும்போது, சன்னல் சட்டத்தின் இருண்ட விளிம்பு பார்வையின் ஓரத்தில் வந்தது; அந்தக் கணத்தில் மெல்லிய கோடுகள் மங்கலாக மின்னி மறைந்தன. ஒளி நேராக வராமல் சாய்வாக வரும்போதுதான் அவ்வளவு நெருங்கிய கோடுகளைப் பிரிக்க முடியும் என்பது அபேயின் கோட்பாட்டிலேயே இருக்கிறது, படித்தும் இருக்கிறேன். ஆனால் கையில் பிடித்த கருவியை எந்தத் திசைக்கும் சாய்த்துக்கொள்ளலாம் என்பது மேசையில் நிற்கும் நுண்ணோக்கியோடு பழகிய எனக்குத் தோன்றவே இல்லை. இதே சோதனையை 0.74 மைக்ரான் இடைவெளியுள்ள டிவிடித் துண்டில் செய்தபோது எந்தச் சாய்விலும் எதுவும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்பதே கணக்கும்.

அதன் பிறகு மிளகு நீருக்கு வந்தேன். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய விரும்பிய லீவன்ஹூக், 1676 ஏப்ரலில் மிளகைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார். நாக்கைக் குத்தும் முட்கள் தெரியும் என்று எண்ணியிருக்கலாம். தெரிந்தவை எண்ணற்ற சிற்றுயிர்கள். அதே ஆண்டு அக்டோபர் 9 என்று தேதியிட்ட நீண்ட கடிதத்தில் அவற்றை விவரித்தார். லண்டனில் எளிதாக நம்பவில்லை. பொறுப்பான எட்டுப் பேரின் சாட்சியத்தை அவர் அனுப்ப வேண்டியிருந்தது. ராயல் சொசைட்டியில் தாவரவியலாளர் நெகேமியா குரூ முயன்றும் தெரியவில்லை. ஹூக்கும் 1677 நவம்பர் தொடக்கத்தில் முயன்று தோற்று, இன்னும் மெல்லிய கண்ணாடிக் குழாயும் இன்னும் நல்ல வில்லையும் செய்துகொண்டு, நவம்பர் 15-ஆம் நாள்தான் எல்லோருக்கும் காட்டினார்.

எனக்கும் அப்படியே ஆயிற்று. ஒரு தேக்கரண்டி மிளகை ஒன்றிரண்டாக இடித்து, மாடியில் பிடித்த மழைநீரில் போட்டு, வாய் மூடாமல் வைத்தேன். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் என் மேசை நுண்ணோக்கியில் பார்த்தபோது துளி முழுதும் உயிர்கள் துடித்தன; மணியில் பார்த்தால் சாம்பல் நிறம். குழாய்தான் காரணம். நான் இழுத்திருந்த நுண்குழாயின் வெளிவிட்டம் அரை மில்லிமீட்டர் இருந்தது. நீர் இருக்கும் நடுப்பகுதி தகட்டிலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் வர வேண்டும், அதற்கு மேல் சுவரின் வளைவு பிம்பத்தை இழுத்தது. மணி செய்த அதே சுடரில், அதே கண்ணாடியில், 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவான குழாயை இழுக்கப் பழக இரண்டு நாட்கள் பிடித்தன. அதன் முனையை மிளகு நீரில் வைத்ததும் நீர் தானாக ஏறியது. இரண்டு முனைகளையும் அரக்கால் அடைத்து ஊசியில் ஒட்டினேன்.

எட்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு, மழை சற்று விட்டிருந்தபோது, சன்னல் சட்டத்தின் விளிம்பைப் பார்வையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். முதலில் பெரியவை தெரிந்தன: நீள்வட்டமாக, உருண்டு உருண்டு குழாயின் நெடுக்காக ஓடுபவை. அவை ஐம்பது மைக்ரானுக்கும் மேற்பட்டவை என்பதால் எளிது. கண் இருட்டுக்குப் பழகியதுபோல் சிறிது நேரம் கழிந்ததும், அவற்றுக்கு நடுவே வெறும் தூசு என்று எண்ணியிருந்த புள்ளிகள் ஒரே திசையில் மிதக்காமல் தனித்தனியே குறுக்கும் நெடுக்கும் போவதைக் கண்டேன். நீர் மூலக்கூறுகள் மோதுவதால் துகள்கள் நடுங்குவதும் உண்டு. ராபர்ட் பிரவுன் 1827-இல் மகரந்தத்துக்குள் இருந்த நுண்துகள்களில் கண்ட அந்த நடுக்கத்தையும் ஒற்றை வில்லைக் கருவியால்தான் கண்டார். ஆனால் இது நடுக்கம் அல்ல. ஒரு புள்ளி பார்வைப் பரப்பின் பாதியைக் கடந்து, நின்று, திரும்பியது. வடிவம் தெரியவில்லை, இருப்பும் நகர்வும் தெரிந்தன. 1.3 மைக்ரான் எல்லையுள்ள கருவி தரக்கூடியது அவ்வளவுதான். அதைக் கண்ட லீவன்ஹூக் அவை உயிருள்ளவை என்று முடிவு செய்து, எண்ணி, அளந்து, எழுதி, நம்பாதவர்களுக்கு நடுவே உறுதியாக நின்றார் என்பதை அந்தச் சன்னலடியில் நின்றபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.

அந்த மாலை இருபது நிமிடங்களுக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, கழுத்து இறுகியது, இமை தகட்டில் பட்டுப் பட்டுச் சிவந்தது. இத்தகைய மணிகள் பல வில்லைகள் கொண்ட தம் நுண்ணோக்கியைவிடத் தெளிவாகக் காட்டுகின்றன என்று எழுதிய ஹூக், அவை கண்ணை வருத்திப் பார்வையைத் தளரச் செய்ததால் அவற்றைப் பயன்படுத்துவதைக் குறைத்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். இதை முன்பு படித்தபோது ஒரு சாக்கு என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மணி செய்வது ஒரு மணி நேர வேலை, கை பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை. துளையும் புடைப்பும் சில நாட்கள். ஐம்பது ஆண்டுகள் அந்தத் துளைக்கு முன்னால் கண்ணை வைத்திருந்ததுதான் டெல்ஃப்டில் நடந்த அரிய செயல் என்று இப்போது எண்ணுகிறேன்.

கடைசியாக ஒரு அளவை வேலை. லீவன்ஹூக்கிடம் மைக்ரான் என்ற அலகு இல்லை. ஆகவே மணற்துகள், பேனின் கண் போன்றவற்றை ஒப்பிட்டு அளவு சொன்னார். குருதியின் ஒரு செவ்வணு நுண்ணிய மணற்துகளில் 25,000-இல் ஒரு பங்கு என்று அவர் எழுதியதைச் சோதிக்க விரும்பினேன். உப்பு நீரில் கலந்த என் இரத்தத் துளியைக் குழாயில் ஏற்றிப் பார்த்தேன், 7.5 மைக்ரான் அகலமுள்ள அணு இந்த மணியில் 250 மில்லிமீட்டர் தொலைவில் வைத்த இரண்டு மில்லிமீட்டர் வட்டம்போல் தெரிந்தது. 25,000-இன் கனமூலம் சுமார் 29. 7.5-ஐ 29-ஆல் பெருக்கினால் 0.22 மில்லிமீட்டர். ஆற்று மணலைச் சலித்து, மைக்ரோமீட்டரில் அந்த அளவுக்கு ஒத்த ஒரு துகளைத் தேடினேன். சல்லடையின் அடியில் தங்கிய மென்மணலில் அது எளிதாகவே கிடைத்தது. அதை இன்னொரு ஊசியின் முனையில் ஒட்டிக் கருவியோடு பெட்டியில் வைத்திருக்கிறேன்.